ஐந்நூற்றுப் பன்னிரண்டு

கேதீஸ்வரன் றோயின் கடைப்படி ஏறியது அன்றைக்கு ஆறாம் தரம். மனிசி உதயகலா செத்து இருபத்திரண்டு நாள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அடுத்த நாள் முதன்முதலாக வந்தவன், அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாளைக்கு ஒருக்கால் வராமல் விட்டதில்லை. உரும்பிராயிலிருந்து நல்லூருக்கு மோட்டார் சைக்கிளில் கால் மணித்தியாலம். மழையென்றால் அரை மணி. அன்றைக்குக் கார்த்திகை மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. தொப்பலாக நனைந்து வந்தவன் தலையைக்கூடத் துடைக்காமல், அந்த இரண்டையும் ஒருக்கால் வெளியில் எடுத்து வைக்கச் சொன்னான்.

றோய் முகம் சுளிக்கவில்லை. ஆள் குருநகர். தகப்பன் இன்னமும் கடலுக்குப் போகிறார். வலை பொத்துகிற வீட்டில் பிறந்தவனுக்குப் பொறுமையை ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை. கண்ணாடி அலுமாரியிலிருந்து இரண்டு லப்ரொப்பையும் எடுத்து, மேசையைத் துடைத்து, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்தான். ஒரே கொம்பனி, ஒரே சாம்பல் நிறம், ஒரே அகலம். மூடி வைத்தால் செய்தவனுக்கே வித்தியாசம் தெரியாது. வித்தியாசமெல்லாம் உள்ளுக்குள். இடப்பக்கத்தது ஐ செவின். கெதியாக வேலை செய்யும், ஆனால் இடம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு ஜிபி தான். வலப்பக்கத்தது ஐ பைவ். கொஞ்சம் மெதுவு, ஆனால் இடம் ஒரு ரெறா பைற், மற்றதைப்போல இரண்டு மடங்கு. விலை இரண்டும் ஏறக்குறைய ஒன்று.

இதையெல்லாம் றோய் ஆறாம் தரமாகச் சொன்னான். கேதீஸ்வரனும் முதல் தரம் கேட்கிற ஆளைப்போலத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான்.

"அண்ணை, நான் ஒளிக்காமல் சொல்லுறன்," என்றான் றோய். "நீங்கள் வீடியோ எடிற் பண்ணுற ஆள். உங்களுக்கு இடம் தான் முக்கியம். புறோசெசர் எண்டது சமையல்காரன் மாதிரி. எவ்வளவு கெட்டிக்காரன் வந்து என்ன, குசினியிலை சாமான் வைக்கத் தட்டு இல்லாட்டி? ஐ செவின் எடுத்தால் ஒரு கலியாணவீட்டுப் படம் பத்து நிமிசம் முந்தி வெளியாலை வரும். அந்தப் பத்து நிமிசத்திலை நீங்கள் ஒரு பிளேன் ரீ குடிக்கலாம், அவ்வளவு தான்."

"எனக்கு வேகம் தான் வேணும், தம்பி."

"பழைய மெசினிலை இப்ப எவ்வளவு கிடக்கு?"

"எண்ணூறுக்குக் கிட்ட."

"எண்ணூறை என்னெண்டு ஐந்நூற்றுக்குள்ளை அடையிறது?"

"கொஞ்சத்தை அழிக்கோணும்."

எதுக்கு அழிக்க வேண்டும், வெளி ஹாட்டிஸ்க் ஒன்று வாங்கிப் போட்டால் போச்சு என்றான் றோய். வெளி ஹாட்டிஸ்க் விழுந்தால் உடையும், ஏற்கெனவே இரண்டு உடைந்துபோச்சு என்றான் கேதீஸ்வரன். இன்ரநெற்றில் ஏற்றி வைக்கலாமே என்றால், உரும்பிராய் லைனில் ஏற்றி முடிய வருசம் பிறந்துவிடும் என்றான். றோய் திறந்த ஒவ்வொரு கதவையும் இவன் காலால் தள்ளிச் சாத்தினான். சரி, அவ்வளவு ஆசையென்றால் ஐந்நூற்றுப் பன்னிரண்டையே கட்டித் தரட்டோ என்று கேட்டால், "கொஞ்சம் யோசிப்பம்" என்பான். ஐந்து தரமும் அப்படித்தான் போனவன்.

சனத்துக்கு இது விசர்க் கதையாகத்தான் பட்டது. இழவு விசாரிக்க வருகிறவர்களிடமும் அவன் இந்தக் கதையைத்தான் எடுத்தான். "என்னெண்டு தம்பி திடீரெண்டு..." என்று மூக்கைச் சிந்தித் தொடங்குகிற பெண்டுகளுக்கு, ஐ பைவுக்கும் ஐ செவினுக்கும் என்ன வித்தியாசம் என்று விரல் மடக்கி விளங்கப்படுத்தினான். அதுகள் பாவம், ஓமோம் என்று தலையாட்டிவிட்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, படலைக்கு வெளியில் போய் நின்று கதைத்தன. மனிசி செத்த கவலை கொஞ்சமாவது இருந்தால் ஒரு மனிசன் இப்படிக் கதைப்பானோ என்று கேட்டன. நியாயமான கேள்வி தான். அவன் செத்தவீட்டிலும் அழவில்லை.

செத்தவீட்டில் அவன் செய்த வேலை இன்னும் மோசம். வெளிநாட்டில் சொந்தம் உள்ள வீட்டில் வீடியோ இல்லாமல் பிரேதம் எடுக்கிற வழக்கம் இப்போது இங்கே இல்லை. அதுக்கென்று கேதீஸ்வரனோடு தொழில் பழகிய பிரகாஸைத்தான் பிடித்திருந்தார்கள். பிரகாஸ் கமராவை வைத்த கோணத்தைப் பார்த்தான் கேதீஸ்வரன். பெட்டிக்குப் பின்னால் யன்னல் வெளிச்சம் அடித்தது. முகம் கறுப்பாகத்தான் விழும். எழும்பிப் போய்க் கமராவை வாங்கினான். வாங்கினவன் திருப்பிக் குடுக்கவில்லை. சுண்ணம் இடித்ததும், ஐயர் மந்திரம் சொன்னதும், மகள் வினோஜா தாயின் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்ததும் எல்லாம் அவன் எடுத்தது தான். வாய்க்கரிசி போடுவதற்கு அவனைப் பிடித்துத் தள்ளிவிட வேண்டியிருந்தது. அந்த நேரம் பிரகாஸும் அழுதுகொண்டு நின்றதில் கமராவைத் தூக்க மறந்துபோனான். அதாலே அந்த வீடியோவில் எல்லாரும் இருக்கிறார்கள், புருசன் மட்டும் இல்லை.

இந்த லப்ரொப் கதையைத் தொடக்கினது உதயகலாவின் தமக்கை வசந்தினி. கனடாவில் இருக்கிறா. முழங்காலில் சத்திரசிகிச்சை செய்த கையோடு தங்கச்சியின் செய்தி போனது, வர முடியவில்லை. கட்டிலில் கிடந்து லைவில் பார்த்தா. பெட்டி மூடுகிற நேரம் பார்த்து லைவ் அறுந்துபோனது. அந்த ஆத்தாமை தான் வசந்தினிக்கு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல் செத்தவீட்டுப் படத்தை ஒழுங்காக எடிற் பண்ணி முடிக்க வேண்டும், அன்றைக்கு வீட்டிலும் ரீவியில் போட வேண்டும், பழைய லப்ரொப் சாகப் போகிறதென்றால் புதிசு வாங்கு என்று காசையும் அனுப்பிவிட்டா. விடிய ஏழு மணிக்கு, அங்கே இரவாகிற நேரத்தில், ஒவ்வொரு நாளும் எடுத்து வாங்கியாச்சோ என்று கேட்பா. இவன் ஐ பைவ், ஐ செவின் என்று தொடங்குவான்.

போன கிழமை அவ இன்னொன்று கேட்டா.

"கேதீஸ், அவளின்ரை குரல் ஏதும் உன்னட்டைக் கிடந்தால் அதையும் ஒரு சொட்டுப் போடு. போட்டோ எத்தினையும் கிடக்கு. குரல் தான் எனக்கு மறந்து மறந்து போகுது."

"தேடிப் பாக்கிறன், மச்சாள்," என்றான் கேதீஸ்வரன்.

தேடத் தேவையில்லை. எங்கே கிடக்கிறதென்று அவனுக்குத் தெரியும். அதைத்தான் அழிக்க நினைக்கிறான்.

அதைச் சொல்வதென்றால் அவர்களுடைய தொழிலையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேதீஸ்வரன் கமராத் தூக்கத் தொடங்கிப் பதினேழு வருசம். கலியாணவீடு, சாமத்தியவீடு, புதுவீட்டுக் குடிபூரல், செத்தவீடு, எல்லாம் செய்வான். தொடங்கின காலத்தில் ஒரு கலியாணத்துக்கு லைற் பிடிக்க வந்தவன் பாதியில் சொல்லாமல் பறையாமல் ஓடிவிட்டான். சாப்பாட்டுக்கு வந்த உதயகலா சீலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு லைற்றைத் தூக்கினா. பிறகு இறக்கவேயில்லை. பதினேழு வருசம். லைற் பிடித்தபடியே பொம்பிளைக்கு நாடியை உயர்த்தச் சொல்லுவா, மாப்பிள்ளைக்குச் சால்வையைச் சரிக்கட்டிவிடச் சொல்லுவா, பயந்து விறைத்து நிற்கிற பிள்ளைக்கு ஒரு பகிடி விட்டுச் சிரிக்கப் பண்ணுவா. வந்த சனமெல்லாம் சாப்பிட்டு முடிய, கடைசிப் பந்தியில் இரண்டு பேரும் இருந்து ஆறின சோற்றில் குழம்பை விட்டுச் சாப்பிட்டுவிட்டு, வினோஜாவுக்கு வடையும் பாயாசமும் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள்.

அவ கதைத்ததெல்லாம் கமராவில் விழும். விழாமல் என்ன? கமராவுக்குப் பக்கத்தில் நிற்கிறது அவ தானே. ஆனால் வாடிக்கைக்காரருக்குக் குடுக்கிற படத்தில் லைற் பிடிக்கிறவளின் குரல் இருக்கலாமோ? கேதீஸ்வரன் எடிற் பண்ண இருந்தால் முதல் வேலை அதை வெட்டுகிறது தான். வெட்டிவிட்டு மேலே பாட்டைப் போடுவான். படம் குடுத்த அடுத்த நாள், எடுத்த மூலத்தையெல்லாம் முழுக்க அழித்துவிடுவான். இடம் காணாது. அடுத்த வேலைக்கு இடம் வேண்டும். பதினேழு வருசமாகக் கிழமைக்கு ஒரு தரம் இரண்டு தரம் அவவின் குரலை வெட்டி எறிந்தவன், அவ செத்த பிறகு தான் அதைக் கணக்குப் பார்த்தான். உதயகலா வைத்திருந்தது பட்டன் போன். குரல் பதிந்து அனுப்புகிற பழக்கம் அவவுக்கு இல்லை. எடுத்தால் நேரே கதைக்கிற ஆள். ஆக, அவவின் குரல் என்று உலகத்தில் மிஞ்சினது ஒரே ஒரு இடத்தில்.

அது சாவகச்சேரியில் ஒரு பெண்பிள்ளை பெரியபிள்ளை ஆனதுக்கு எடுத்த சாமத்தியவீடு. படம் இன்னும் குடுக்கவில்லை, அதாலே மூலம் அழியாமல் பழைய லப்ரொப்பில் கிடந்தது. அந்தப் பெண்பிள்ளைக்கு மாமிமார் விளக்குத் தட்டைச் சுற்றி ஆலாத்தி எடுக்கிற கட்டம். தொண்ணூற்று மூன்று செக்கன். பிள்ளையை நாடியை உயர்த்தச் சொல்லிவிட்டு, உதயகலா குரலைத் தணித்து, தனக்குத் தலை குத்துது, கொஞ்சம் இருந்துவிட்டு வரட்டோ என்று கேட்கிறா. கேதீஸ்வரன் ஒரு மறுமொழி சொல்லுகிறான். அவ பிறகு இரண்டு பனடோல் போட்டுக்கொண்டு வீட்டை வந்து சோறு வடித்தா. அதுக்குப் பதினோராம் நாள் கிணற்றடியில் விழுந்தா. ஆசுப்பத்திரியில் தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

டொக்டர் ஒரு கேள்வி கேட்டார். இந்தச் சில கிழமைக்குள் எப்போதாவது கடுமையான தலையிடி என்று சொன்னவவோ என்று. சிலருக்கு அப்படி ஒரு தலையிடி முந்தி வருமாம். வினோஜா தாயின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தகப்பனுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"இல்லை, டொக்டர்," என்றான் கேதீஸ்வரன். "ஒண்டும் சொல்லேல்லை."

யோசித்துச் சொன்ன பொய்யில்லை. வாய் தானாகச் சொன்னது. சொல்லி முடித்த பிறகு திருப்பி எடுக்க ஏலாமல் போனது. அவ்வளவு தான் கதை. அந்தத் தொண்ணூற்று மூன்று செக்கனை வினோஜா கேட்டால், தாய் சொன்னதும் தெரியும், தகப்பன் சொன்னதும் தெரியும், டொக்டரிடம் சொன்னது பொய்யென்றும் தெரியும். அவளுக்குப் பத்தொன்பது வயது. இனி அவளுக்கு இருக்கிறது அவன் மட்டும் தான். அவனுக்கும் அவள் மட்டும் தான்.

அழிக்கிறதென்றால் ஒரு நிமிச வேலை. மூன்று தரம் அம்புக்குறியை அதன் மேல் கொண்டுபோய் வைத்தான். மூன்று தரமும் விரல் அமத்தவில்லை. அப்போது தான் ஐந்நூற்றுப் பன்னிரண்டு அவன் கண்ணில் பட்டது. இடமில்லாத மெசினை வாங்கிவிட்டால் அழிக்கத்தானே வேண்டும்? மெசின் கேட்டது, அழித்தேன், நான் என்ன செய்யட்டும்? அப்படி ஒரு சாட்டு அவனுக்குத் தேவைப்பட்டது. ஆனால் வாங்கவும் மனம் வரவில்லை. வாங்கினால் அழிக்க வேண்டுமே. இதுக்குள்ளே கிடந்து தான் மனிசன் பதினைந்து நாளாக உழன்றான். ஆருக்கும் சொல்லவில்லை.

வினோஜா சும்மா இருக்கிற பிள்ளையில்லை. பெரியம்மா குரல் கேட்டதிலிருந்து தகப்பனை அரித்தாள். பழைய லப்ரொப்பில் ஏதாவது கிடக்கும், தேடுவம் என்றாள். அதைத் தொட்டால் ஹாட்டிஸ்க் செத்துப்போகும், டிக் டிக் என்று சத்தம் கேட்குது, புதிசு வந்த பிறகு பார்ப்பம் என்றான். சத்தம் கேட்டது உண்மை தான். ஆனாலும் அவன் அதோடு விடவில்லை. சார்ச்சரைக் கழற்றி மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு திரிந்தான். பெத்த பிள்ளைக்குச் சார்ச்சரை ஒளித்துக்கொண்டு திரிகிற தகப்பன். வெட்கக்கேடு தான், அவனுக்கும் அது தெரிந்திருந்தது.

முந்தின நாள் உதயகலாவின் சித்தப்பா பஞ்சலிங்கம் வந்திருந்தார். முப்பத்தோராம் நாள் செத்தவரின் நினைவாகக் குடுக்கிற கல்வெட்டுப் புத்தகம் அவர் பொறுப்பு. வெண்பா, புலம்பல் எல்லாம் அவரே எழுதுவார். ஊரில் பாதிப் பேரின் கல்வெட்டு அவர் கையால் ஆனது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கொப்பியை விரித்து, உதயகலா கடைசி நாட்களில் மனதில் நிற்கிற மாதிரி ஏதும் சொன்னவளோ, சொன்னால் புலம்பலில் சேர்க்கலாம் என்று கேட்டார்.

"அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை, மாமா," என்றான் கேதீஸ்வரன். பிறகு அவருக்கும் ஐ செவின் கதையைத் தொடங்கினான். பஞ்சலிங்கம் கொப்பியை மூடிவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். வினோஜா குசினி வாசலில் நின்று இரண்டு பேரையும் பார்த்தாள்.

ஆறாம் தரம் போன அன்றைக்கு றோயின் கடையில் அவன் "கொஞ்சம் யோசிப்பம்" என்று சொல்லவில்லை. அந்தியேட்டிக்கு இன்னும் ஒன்பது நாள். ஐந்நூற்றுப் பன்னிரண்டைக் கட்டச் சொல்லி, முற்காசும் குடுத்தான். நாளைக்குப் பழைய மெசினைக் கொண்டு வாங்கோ, எதை ஏற்றுகிறது எதை அழிக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால் சுகம் என்றான் றோய். சரியென்று வெளிக்கிட்டான்.

கோப்பாய் தாண்ட மழை தூறலாகக் குறைந்தது. தோட்டங்களுக்குள் செம்மண் வெள்ளம் நின்றது. வெங்காயம் நட்டு மூன்று கிழமை. இந்த வெள்ளம் இரண்டு நாள் நின்றால் குமிழ் அழுகிப்போகும். சனம் உரச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டிக்கொண்டு நின்றது. வெட்ட வெட்ட மண் சரிந்து மூடியது, திரும்பவும் வெட்டினார்கள். ஒருத்தர் நிமிர்ந்து, லப்ரொப் வாங்கியாச்சோ என்று கத்திக் கேட்டார். ஊருக்கே தெரிந்திருந்தது. ஓமென்று கையைக் காட்டிவிட்டு வந்தான். நனைந்த சேட்டு உடம்பில் ஒட்டிக் கிடந்தது, குளிரவில்லை. இருபத்திரண்டு நாளாக அவனுக்குக் குளிரவுமில்லை, பசிக்கவுமில்லை.

வீட்டு முற்றத்தில் பிரகாஸின் சைக்கிள் நனைந்துகொண்டு நின்றது. ஆள் போய்விட்டான், மழைக்குச் சைக்கிளை விட்டுவிட்டு ஆரோடோ ஓட்டோவில் போயிருக்கிறான். உள்ளே மேசையில் பழைய லப்ரொப் திறந்திருந்தது. அதில் செருகியிருந்த சார்ச்சர் பிரகாஸின்ரை. வினோஜா கதிரையில் கால் இரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டு, காதில் ஹெட்போனோடு இருந்தாள். பக்கத்தில் தகப்பனுக்கென்று மூடி வைத்த புட்டும் சொதியும்.

கேதீஸ்வரன் வாசலிலேயே நின்றான். காலடியில் தண்ணி வடிந்து நிலத்தில் தேங்கியது.

வினோஜா ஹெட்போனைக் கழற்றினாள். அவள் முகத்தில் அழுத அடையாளம் இல்லை. அந்த முகத்தைத் தான் அவன் கண்ணாடியில் கொஞ்ச நாளாகப் பார்க்கிறவன்.

"அம்மாவின்ரை குரல் கிடைச்சிட்டுது," என்றாள்.

"ம்."

"சாவகச்சேரிச் சாமத்தியவீட்டுக்குள்ளை கிடந்தது. பெரியம்மாவுக்கெண்டு வெட்டி வைச்சிருக்கிறன். பாருங்கோ."

ஹெட்போன் வயரை இழுத்துவிட்டு அமத்தினாள். திரையில் அந்தப் பெண்பிள்ளை பட்டுச் சீலையில், தலை நிறையப் பூவோடு விறைத்துப்போய் நின்றது. வலப்பக்க ஓரத்தில் லைற் பிடித்த ஒரு கையும் இரண்டு வளையலும். பிறகு குரல் வந்தது. நாடியைக் கொஞ்சம் உயர்த்துங்கோ பிள்ளை. ஓம், அப்பிடித்தான். வடிவா இருக்கு. அதோடு படம் நின்றது. பதினொரு செக்கன்.

"பெரியம்மாவுக்கு இது காணும்," என்றாள் வினோஜா.

கேதீஸ்வரனுக்கு விளங்கிவிட்டது. அவள் முழுக்கக் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு, அவன் சொல்லிக் குடுத்த தொழிலாலேயே அவனை வெட்டி எடுத்துக் காப்பாற்றி வைத்திருக்கிறாள். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். 

"மிச்சம்?" என்று கேட்டான்.

"கிடக்கு. அழிக்கேல்லை."

"ஏன்?"

"அதிலையும் அம்மா தானே கதைக்கிறா."

வெளியில் கூரைப் பீலியால் தண்ணி ஊற்றுகிற சத்தம். 

"டொக்டரிட்டை இல்லையெண்டு சொன்னனீங்கள்," என்றாள் அவள். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை.

"ஓம், பிள்ளை."

"நான் பக்கத்திலை தான் நிண்டனான்."

"ஓம். அவ தலை குத்துதெண்டு சொன்னவ. நான் தான் பொறு எண்டனான். அண்டைக்கே கூட்டிக்கொண்டு போயிருக்கோணும். எனக்கு வேலை தான் பெரிசாத் தெரிஞ்சது."

சொல்லிவிட்டான். இருபத்திரண்டு நாளாக நெஞ்சுக்குள் கிடந்ததை வெளியில் எடுத்துப் பார்த்தால் நாலு வசனம். அவள் கத்துவாள், எழும்பிப் போவாள் என்று நினைத்தான். அவள் லப்ரொப்பைத் தன் பக்கம் திருப்பி, வெட்டாத மூலத்தைத் திறந்தாள்.

"நீங்கள் இதைக் கடைசி மட்டும் பாத்தனீங்களோ?"

இல்லை. அவன் ஒரு நாளும் கடைசி மட்டும் பார்த்ததில்லை. தன்னுடைய மறுமொழி வருகிற இடத்தில் நிற்பாட்டிவிடுவான்.

"பாருங்கோ," என்றாள்.

நாடியைக் கொஞ்சம் உயர்த்துங்கோ பிள்ளை. ஓம், அப்பிடித்தான். வடிவா இருக்கு. பிறகு, கமராவுக்கு மிகவும் கிட்ட, தணிந்த குரலில், "இஞ்சருங்கோ, எனக்குத் தலை குத்துது. வெடிக்கிற மாதிரிக் கிடக்கு. கொஞ்சம் இருந்திட்டு வரட்டோ?"

"கொஞ்சம் பொறும். உந்த ஆலாத்தி முடியட்டும். லைற்றை இறக்காதையும்."

கேதீஸ்வரன் கையை நீட்டினான், நிற்பாட்ட. வினோஜா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

படம் ஓடியது. மாமிமார் இரண்டு பேர் தட்டைத் தூக்கிச் சுற்றினார்கள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. திரி ஒன்று அணைந்து, ஆரோ நெருப்புப் பெட்டி தேட, திரும்பவும் கொளுத்தி, திரும்பவும் சுற்றினார்கள். பிள்ளையின் முகத்தில் வெளிச்சம் அப்படியே நின்றது. ஒரு பொட்டு ஆடவில்லை. தலை வெடிக்கிற வருத்தத்தோடு ஒரு மனிசி தூக்கிப் பிடித்த வெளிச்சமென்று பார்க்கிற ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். ஓரத்தில் அந்த இரண்டு வளையலும் அசையவில்லை. பொட்டு வைத்து முடிந்து மாமிமார் விலகின பிறகு, அந்தக் குரல் திரும்பவும் வந்தது.

"முடிஞ்சுதோ?"

"ம்," என்றது கேதீஸ்வரனின் குரல்.

"சரி."

வெளிச்சம் கீழே இறங்கியது. பிள்ளையின் முகம் இருண்டு, படம் நின்றது.

வினோஜா அவன் கையை விடவில்லை. மற்றக் கையால் படத்துக்குக் கீழே ஓடுகிற கோட்டைப் பதினோராம் செக்கனுக்குக் கொண்டுபோய் வைத்தாள். "எங்கை வெட்டுறது, அப்பா? இதிலை தானே?"

"வெட்டாதை."

"பெரியம்மா கேப்பா."

"கேக்கட்டும்."

"முப்பத்தொண்டு அண்டைக்கு எல்லாச் சனமும் இருக்கும். பஞ்சலிங்கத் தாத்தாவும் இருப்பார்."

"இருக்கட்டும், பிள்ளை. நான் பதினேழு வருசம் வெட்டினது காணும்."

அவள் வெட்டி வைத்ததை விட்டுவிட்டு, தொண்ணூற்று மூன்று செக்கனையும் இழுத்துச் செத்தவீட்டுப் படத்துக்குள் போட்டாள். பழைய மெசின் டிக் டிக் என்று மூச்சு வாங்கியது. அது ஏற்றி முடிக்கும் மட்டும், நனைந்த சேட்டுப் பைக்குள்ளிருந்து போனை எடுத்து கேதீஸ்வரன் றோய்க்கு அடித்தான். ஐந்நூற்றுப் பன்னிரண்டை வேறு ஆருக்காவது குடுக்கச் சொன்னான். பெரிசை எடுத்து வைக்கச் சொன்னான்.

 ஆறு தரம் வாதாடின றோய், எதை அழிக்கிறதென்று தாளில் எழுதியாச்சோ என்று கேட்டான்.

"ஒண்டும் அழிக்கிறதில்லை, தம்பி," என்றான் கேதீஸ்வரன். "கிடக்கிற முழுவதையும் ஏத்தும்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது பல்லுக் கிடுகிடுத்தது. குளிர்ந்தது. வினோஜா துவாயை எடுத்து வந்து அவன் தலையில் போட்டாள். புட்டைச் சாப்பிடச் சொன்னாள். ஒருக்கால் திரும்பப் போடு, பேந்து சாப்பிடுறன் என்றான்.

அவள் போட்டாள். நாடி உயர்ந்தது, தலை குத்தியது, பொறும் என்றது அவனுடைய குரல். மாமிமார் சுற்றினார்கள். வெளிச்சம் அசையாமல் நின்றது. துவாய்க்குள்ளிருந்து அவன் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். முடிஞ்சுதோ என்று உதயகலா கேட்டா. திரைக்குள் இருந்தவன் வெறுமனே ம் என்று சொல்வதற்கு முன், இவன் சொன்னான்:

"முடிஞ்சுது, உதயா. இனி இறக்கும்."

திரையில் வெளிச்சம் ஆறுதலாகக் கீழே இறங்கியது.